அரைச் சுற்று

சுகந்தியின் காரியம் முடிந்து ஒறம்பரைச் சனமெல்லாம் கிளம்பிப் போன மறுநாள் காலையில், பட்டறை வீதியில் லோகுவின் ஷெட்டுக்குள் நின்றிருந்த அவளுடைய ரேஸ் பைக் தானாக ஸ்டார்ட் ஆகி, நின்ற இடத்திலேயே ஐடிலிங்கில் ஓட ஆரம்பித்தபோது, அதை முதலில் கேட்டவர் எதிரே பேக்கரி வைத்திருக்கும் உன்னிதான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் இன்னும் ஒரு வாய் டீகூட உருப்படியாகக் குடிக்கவில்லை, அதற்குள் வேலையில் இறங்கிவிட்டானே என்று மனசுக்குள் குறைபட்டுக்கொண்டு, பாய்லர் துடைத்த துணியோடு ரோட்டைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தார். லோகு வேலையில் இறங்கியிருக்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். வண்டியின் டேங்க் வறண்டிருந்தது, பெட்ரோல் டியூப் கழன்று தொங்கியது, உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு உருகி ஒட்டிப்போயிருந்தது. கிக்கரின் மேல் ஆள் ஏறி நின்றாலும் அசையாது என்பது வீதிக்கே தெரியும், ஏனென்றால் ட்ராக்கிலிருந்து வண்டியை இறக்கிய அன்று ஆளாளுக்கு மிதித்துப் பார்த்திருந்தார்கள். அந்த இன்ஜின்தான் இப்போது கோயமுத்தூரில் எந்த இன்ஜினும் ஓடாத சுத்தத்தோடு, டிங் டிங் டிங் என்று, ஒரு அடி கூடாமல் ஒரு அடி குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது நம்ம சுகந்தியோட சத்தமல்லே?" என்றார் உன்னி.

"ஆமாங்ணா," என்றான் லோகு.

உன்னி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு கடைக்குத் திரும்பிப் போய், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்துவிட்டு, இரண்டு டீ போட்டு எடுத்துவந்து, ஒன்றை லோகுவின் கையில் கொடுத்து, இன்னொன்றை வண்டியின் சீட்டின் மேல் வைத்தார். அவளுக்குச் சர்க்கரை கம்மி என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

பட்டறை வீதிக்கு இதெல்லாம் எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த வீதி அப்படிப்பட்டது. இந்த முனையில் லோகுவின் ஷெட், அந்த முனையில் தண்ணித்தொட்டி வளைவு, நடுவில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிற ரோட்டின் இரண்டு பக்கமும் லேத்துக்காரர்களும் பவுண்டரிக்காரர்களும் கிரைண்டர் கல் கொத்துகிறவர்களும் ஒருத்தர் சத்தத்தை ஒருத்தர் தின்று வாழ்ந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளை அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னாலேயே எந்த வீட்டு மோட்டாரில் பேரிங் போயிருக்கிறது என்று கைகாட்டிவிடும். அப்படிப்பட்ட காதுகளுக்குத் திருவிழா என்றால் அது கோயில் நோம்பி இல்லை. ரேஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் லோகுவின் ஷெட்டில் காசு நிறுத்துவார்களே, அதுதான்.

ரேஸ் இன்ஜினுக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. சும்மா நிறுத்திவைத்தால் இருமும், புகை கக்கும், ஏறும், இறங்கும், அணைந்துபோகும். அதைப் போய் ஐடிலிங்கில் அடக்கி நிறுத்துவதில்தான் லோகுவின் பெயர் இருந்தது. கார்பரேட்டரின் விலாவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு காற்றுத் திருகு உண்டு. சின்ன ஸ்க்ரூ டிரைவரை அதில் வைத்து, கண்ணை மூடி, மூச்சு விடாமல், வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டே வருவான். காற்று கூடக் கூட பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறையக் குறைய இருமல் நிற்கும், புகை தெளியும், சத்தம் மெலிந்து மெலிந்து மணி மாதிரி ஆகும்போது கையை எடுத்துவிடுவான். சுகந்தி டேங்கின் மேல் ஒரு ரூபாய்க் காசை விளிம்பில் நிறுத்துவாள். காசு நிற்கும். ஓடுகிற ரேஸ் வண்டியின் மேல் காசு நிற்பதைப் பார்த்து வீதியே கைதட்டும், உன்னி எல்லாருக்கும் தேங்காய் பன் கொடுப்பார், நாளைக்கு ரேஸில் என்ன நடந்தாலும் இன்றைக்கு நாம் ஜெயித்துவிட்டோம் என்ற திருப்தியோடு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

அவர்கள் போன பிறகு நடப்பது வீதிக்குத் தெரியாது. லோகு அதே திருகை அரைச் சுற்று உள்ளே திருகுவான். மணி மாதிரி இருந்த சத்தம் உடனே கொடகொடவென்று கெட்டுப்போகும், நீலப் புகை வரும். ஆனால் ரேஸுக்கு அதுதான் வேண்டும். இந்த ரக இன்ஜினுக்கு ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊட்டுவது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது. நேர் ரோட்டில் முழு வேகத்தில் வந்து, வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை மூடுகிற அந்த நொடியில், பெரிய வழியெல்லாம் அடைபட்டு, இந்தச் சின்னத் திருகு விடுகிற துளிதான் உள்ளே போகும். அந்தத் துளி போதவில்லை என்றால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

கடைசி ரேஸுக்கு முந்தின சாயங்காலம் காசு நின்றது, கூட்டம் கலைந்தது, லோகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். சுகந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங் மாமா, இந்தவாட்டி அந்த அரைச் சுத்து வேண்டாமுங்க. ஸ்டார்ட் கோட்டுல நிக்கறப்ப எல்லா வண்டியும் கொரைச்சுட்டு நிக்கும். நம்முளுது மட்டும் தூங்கற கொழந்தையாட்ட நிக்கோணும். மெட்ராஸ்காரனுகளும் கேக்கட்டும், எங்கூட்டுக்காரரு கை எப்படீன்னு."

"வளைவுல மூடறப்பத்தான் அம்மிணி வெசனமா இருக்குது."

"ஒரே ஒரு ரேஸுங்க."

அவன் மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு அவனுக்கு வாய் இருந்தது, காரணம் இருந்தது, எல்லாம் இருந்தது. ஆனால் அவனுக்கும் ஆசையாக இருந்தது. எத்தனையோ வருஷமாக மூடின கதவுக்குப் பின்னால் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டு வந்த சத்தத்தை ஒரு தடவை ஊர் கேட்கட்டும் என்று ஆசைப்பட்டான். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, சாப்பிடப் போகலாம் என்றான்.

சுகந்தியின் அம்மா நாகமணி, லோகுவுக்குச் சொந்த அத்தை, அதே வீதியில் இட்லி மாவுக்கடை வைத்திருந்தாள். மகள் வண்டி ஓட்டுவதை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. முன்னொரு தடவை யாரோ செல்போனில் காட்டிய வீடியோவில், நேர் ரோட்டு முடிகிற இடத்தில் மகள் தரையோடு தரையாகச் சாய்வதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ரேஸ் நாட்களில் கிரைண்டர்களையெல்லாம் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ரேஸ் முடிகிற நேரம் பார்த்து லோகுவுக்குப் போன் போடுவாள். ஜெயித்தாளா என்று கேட்கமாட்டாள். "வளைவத் தாண்டிட்டாளா?" என்பாள். "தாண்டிட்டா அத்தை," என்பான் லோகு. "செரி," என்று வைத்துவிட்டுக் கிரைண்டரைப் போடுவாள்.

அந்தக் கடைசி ரேஸ் அன்றைக்கும் போன் வந்தது. லோகு எடுத்துக் காதில் வைத்தான். வளைவத் தாண்டிட்டாளா என்று அத்தை கேட்டாள். அவள் மறுபடி கேட்டாள், மறுபடியும் கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் ட்ராக்கின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தான்.

இப்போது, அரைச் சுற்று திருகாத அந்த மணிச் சத்தம்தான் திரும்பி வந்திருந்தது. வீதி அதைப் பெட்டியும் படுக்கையுமாக ஊர் திரும்பிய பெண்ணை அழைத்துக்கொள்வதுபோல அழைத்துக்கொண்டது. முதல் சில நாட்கள் எல்லாரும் வந்து அழுதார்கள், பிறகு வெறுமனே வந்தார்கள், பிறகு வேலையோடு வந்தார்கள். தூங்காத குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வந்து நின்றால் நாலு டிங்கில் குழந்தை கண்ணைச் சொருகியது. ஆட்டோ ஜாபர் தன் வண்டியைக் கொஞ்ச நேரம் ஷெட்டின் முன்னால் ஓடவிட்டு நிறுத்தியிருந்தான். திரும்ப எடுத்தபோது அதன் உதறல் அடங்கியிருந்தது, அப்புறம் கணபதியிலிருந்து காந்திபுரம் வரைக்கும் உள்ள ஆட்டோவெல்லாம் வரிசையில் நிற்க ஆரம்பித்தன. பக்கத்து லேத்தில் ஜென்ம விரோதிகளாக இருந்த அண்ணன் தம்பி இருவர், சத்தத்தைக் கேட்பதற்காக வாயை மூடி, மூடின வாயைத் திறக்க மறந்து, அப்படியே சமாதானமாகிவிட்டார்கள். திருட்டுக் கரண்ட்டா என்று பார்க்க வந்த மின்வாரிய ஆள் ஒயர் எதுவும் இல்லாததைக் கண்டு வருத்தத்தோடு திரும்பினார். புகை சோதனை வேன்காரர் சைலன்சருக்குள் குழாயைவிட்டுப் பார்த்தார். மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை. தன் சர்வீஸில் இப்படி ஒரு யோக்கியமான வண்டியைப் பார்த்ததில்லை என்று சொல்லி, காசு வாங்காமல் சர்டிபிகேட் ஒட்டிவிட்டுப் போனார். புதிதாகக் குடிவந்த ஒருவர் மட்டும் சத்தம் என்று புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து ஒரு காசை எடுத்து டேங்கின் மேல் நிறுத்திப் பார்த்தார். நின்றது. அவர் மகளுக்கு அந்த மாதமே வரன் அமைந்தது.

அதோடு காசு நிறுத்துவது நேர்த்திக்கடனாகிவிட்டது. பரீட்சைக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், வெளிநாட்டு விசாவுக்குப் போகிறவர்கள் என்று ஆளாளுக்கு வந்து நிறுத்தினார்கள். ஒன்றுகூட விழவில்லை. டேங்கின் மேல் இடமில்லாமல் சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் காசுகள் விளிம்பில் நின்று மினுங்கின. கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் மறக்காமல் லோகுவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"உங்க கையிங்ணா. இன்ஜின் செத்தும் ஓடுது பாருங்க," என்றான் ஜாபர்.

லோகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். வீதியே சங்கீதம் என்று கேட்டதில் அவனுக்கு ஒன்றுதான் கேட்டது. அரைச் சுற்று, அரைச் சுற்று, அரைச் சுற்று. இன்ஜின் காய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுத் திருகை உள்ளே திருகிவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால் திருகினால் இந்தச் சத்தம் போய்விடும், இந்தச் சத்தம் போனால் சுகந்தி என்று சொல்ல உலகத்தில் எதுவும் மிச்சமிருக்காது. தவிர, எதற்குத் திருகினாய் என்று கேட்டால் சொல்ல வேண்டும். தினமும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பான், கார்பரேட்டர் வரைக்கும் கொண்டுபோவான், பையில் போட்டுக்கொள்வான். அவன் அவளை அவ்வளவு நேசித்தான். அந்த நேசம் எதற்கும் உதவவில்லை.

நாகமணி மட்டும் காசு எதையும் நிறுத்தவில்லை. மாவு விற்று முடித்த மத்தியானங்களில் தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து லோகுவை மிரட்டிச் சாப்பிடவைப்பாள். பிறகு காசுகளுக்கு நடுவே இடம் பண்ணி டேங்கின் மேல் கைவைத்து உட்காருவாள். டேங்க் சுட்டது. நாளாக ஆக இன்னும் சுட்டது. அவள் ஒரு துணியை நனைத்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவதுபோல டேங்கின் மேல் போட்டுவைத்தாள்.

ஒரு மத்தியானம் துணி போட்ட உடனே காய்ந்துவிட்டது. அவள் ரொம்ப நேரம் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள்.

"லோகு, கிரைண்டர்ல அரிசி போடாம வெறுங்கல்ல ஓடவுட்டா இப்படித்தான் இருக்கும் சத்தம். நல்லாத்தான் இருக்கும். ஆனா கல்லு கல்லத் தின்னுட்டு இருக்கும்." டேங்கைத் தடவிக் கொடுத்தாள். "எம்புள்ளைக்குப் பசிக்குதா?"

லோகு சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். திருகைச் சொன்னான், அரைச் சுற்றைச் சொன்னான், அவள் கையைப் பிடித்ததைச் சொன்னான், அவள் கேட்டதால் மட்டும் இல்லை, எனக்கும் ஆசையாக இருந்தது அத்தை என்பதையும் சொன்னான். நாகமணி கடைசி வரை கேட்டாள். காய்ந்த துணியை எடுத்து மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, எழுந்து போய்விட்டாள்.

அதற்கப்புறம் சில நாட்கள் அவள் வரவில்லை. சோறும் வரவில்லை. மாவை எடுத்துவைக்க மறந்து மறந்து புளிக்கவிட்டதில் அந்த வாரம் வீதியில் எல்லார் வீட்டு இட்லியும் புளித்தது. காரணம் தெரியாத சனங்கள் வெயிலைத் திட்டினார்கள். லோகு ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு காலையில், ஆட்டோக்கள் வரிசையில் நிற்க, குழந்தைகள் தோளில் தூங்க, கல்யாணப் பத்திரிகையோடு ஒரு குடும்பம் காசு நிறுத்தக் காத்திருக்க, நாகமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"திருகு," என்றாள்.

லோகு எழுந்து நின்றான்.

"நீ பண்ணுனத நான் மன்னிக்கப் போறதில்ல லோகு. அது வேற. இத்தன நாளா எம்புள்ள பசியோட ஓடிட்டு இருக்கறா. அவளுக்குச் சோறு போடு."

காற்றுத் திருகைத் திருகப் போகிறான் என்பது கூட்டத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒரே கசமுசா. திருகினால் சத்தம் கெட்டுவிடுமா என்று ஒருத்தர் கேட்க, ஆமாம் கெட்டுவிடும் என்று லோகு சொல்ல, பத்திரிகை வைத்திருந்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, வேண்டாமுங்கக்கா," என்றான் ஜாபர். "நல்லா ஓடறத எதுக்குங்க தொட்டுட்டு? வீதிக்கே ஒரு ஆறுதலா இருக்குது."

"உங்குளுக்குச் சத்தம் வேணும் சாமி," என்றாள் நாகமணி. "எனக்குப் புள்ள."

உன்னி தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நாகமணி டேங்கின் மேல் ஒரு கையை வைத்து, ரேஸ் நாட்களில் உட்காருவதுபோல, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

லோகு கார்பரேட்டரின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஸ்க்ரூ டிரைவர் முதலில் திருகில் உட்காரவில்லை. போயிட்டு வா அம்மிணி என்று சொல்ல நினைத்தவன் திருகைத் திருப்ப ஆரம்பித்தான். கால் சுற்று திருகியபோது நின்றிருந்த காசுகளெல்லாம் ஒன்றாக நடுங்கின. அரைச் சுற்று முடிந்தபோது அத்தனையும் விழுந்தன. டேங்கிலிருந்தும் சீட்டிலிருந்தும் சரிந்து, தரையில் உருண்டு, ஆட்டோக்களின் அடியிலும் சாக்கடையிலும் போய்ச் சேர்ந்தன. மணி மாதிரி இருந்த சத்தம் இருமியது, தடுமாறியது, கொடகொடவென்று கெட்டுப்போனது. பெட்ரோலே இல்லாத வண்டியின் சைலன்சரிலிருந்து நீலப் புகை எழுந்து, ஆயில் கருகும் வாசம் வீதியெல்லாம் பரவியது. தோளில் தூங்கிய குழந்தைகள் ஒட்டுமொத்தமாக விழித்துக்கொண்டு அழுதன. அவ்வளவு அசிங்கமான சத்தம். லோகுவுக்கு மட்டும் அது வயிறு நிறையச் சாப்பிட்டவளின் சத்தமாகக் கேட்டது.

அப்புறம் ஆக்சிலேட்டர் தானாக முறுக்கிக்கொண்டது. ஒரு தடவை, இன்னொரு தடவை, கோட்டில் நிற்கும்போது அவள் முறுக்குவாளே, அதே மாதிரி. மூன்றாவது தடவை சத்தம் இன்ஜினைவிட்டு இறங்கிக் கிளம்பியது. வண்டி ஸ்டாண்டில் அப்படியே நின்றது, சத்தம் மட்டும் ஷெட்டைத் தாண்டி, விலகி வழிவிட்ட சனங்களின் நடுவே புகுந்து, பேக்கரியைத் தாண்டி, லேத்துகளைத் தாண்டி, மாவுக்கடையைத் தாண்டி, கியர் மாறி, மறுபடி கியர் மாறி, அவள் சின்ன வயசில் வண்டி பழகிய அந்த நேர் ரோட்டில் முழு வேகத்தில் போயிற்று. லோகு ரோட்டுக்கு ஓடிவந்து நின்றான். தண்ணித்தொட்டி வளைவு நெருங்கியபோது அவள் ஆக்சிலேட்டரை மூடியது கேட்டது.

ட்ராக்கில் அந்த நொடிக்குப் பிறகுதான் அவன் டயர் கிறீச்சிட்டதைக் கேட்டிருந்தான். இப்போது வீதியில் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தியிருந்தன. சத்தம் இறங்கியது, பொடபொடவென்று புகைத்துக்கொண்டு, நாலு, மூணு, இரண்டு என்று கியர் குறைந்து, சாய்ந்து, தண்ணித்தொட்டியின் பின்னால் மறைந்து, அந்தப் பக்கம் மறுபடி எழுந்தது. எழுந்து ஏறியது. ஏறி, மெலிந்து, சத்தி ரோட்டில் போகும் பஸ்களின் இரைச்சலில் கலந்து போய்விட்டது.

லோகு ஷெட்டுக்குள் திரும்பி வந்து, கிக்கரின் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. முதலில் எப்படி இறுகியிருந்ததோ அப்படியே இறுகியிருந்தது.

நாகமணி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டேங்கின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. டேங்க் சில்லிட்டிருந்தது.

"லோகு," என்றாள். "வளைவத் தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டா அத்தை."

"செரி," என்று சொல்லிவிட்டு, கையை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல், கிரைண்டரைப் போடக் கிளம்பிப் போனாள்.